மூன்று வில்லைகள்

ஸ்டிஹ்ல் டிம்பர்ஸ்போர்ட்ஸ் 1985ல் அமெரிக்காவில் தொடங்கிய மரம் அறுக்கும் போட்டி. அதன் 'ஸ்டாக் சா' பிரிவில் எல்லோருக்கும் ஒரே ரகச் சங்கிலி ரம்பம், ஒப்பிடப்படுவது ஆள். 'ஹாட் சா'வில் அவரவர் மாற்றியமைத்த ரம்பம்: எஞ்சின் துவாரங்களைக் குடைந்து அகலப்படுத்தி, சைலன்ஸருக்குப் பதில் வேறு குழாய் பொருத்தியது. உறுமல் காதைப் பிளக்கும். ஆனால் கேட்கப்படுவது ஒன்றுதான்: சுமார் 46 செ.மீ. கட்டையில், 15 செ.மீ. கோட்டுக்குள் மூன்று முழு வில்லைகள். ஒன்று குறையாக விழுந்தாலும் ஆட்டத்தில் இல்லை.

பகலில் வங்கிக் கணக்கு, இரவில் விமர்சனம் என்றிருக்கிற எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. நண்பரின் கவிதைத் தொகுதி மேஜைமேல் கிடக்கிறது. வடிவத்தைத் துணிந்து குடைந்திருக்கிறார், சத்தமும் பெரிது. எஞ்சினை மட்டும் பாராட்டி எழுதினால் நட்பு நிற்கும். நான் வில்லைகளை எண்ணப்போகிறேன்.