உறவைக் காத்த உழைப்பு

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலுக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார் என்று தொடங்கும். அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னின்னாரின் தாயாரும், மாமியாரும், பேரப்பிள்ளைகளின் அம்மம்மாவும் அப்பம்மாவும் ஆவார் என்று அடுக்கிக்கொண்டு போகும். உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு முடியும். வானொலியில் வாசித்த காலத்திலும் இதே வரிசைதான். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் கனடா, லண்டன், சுவிஸ் என்று போட்டு இணையத்தில் வரும் இந்தக் காலத்திலும் இதேதான். ஒரு பெண்ணின் உறவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவை அறுந்துபோகாமல் இருக்க அவர் என்ன செய்தார் என்பது மட்டும் இல்லை. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போய்வந்து, எல்லோரோடும் வாய் நிறையப் பேசி வாழ்ந்த ஒரு தாயை, பாட்டியை நினைக்கும்போது, ‘கலகலப்பானவர்’ என்று குணத்தைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுகிறோம். அது குணம் மட்டுமல்ல, வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை. வேலையாகவே அதை நினைவில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

விசேஷத்தில் யார் எவ்வளவு பணம் வைத்தார்கள் என்று எழுதிவைக்கும் மதுரை, தேனிப் பக்கத்து மொய் நோட்டையே எடுத்துக்கொள்ளலாம். மேலே பிள்ளையார் சுழி, ஓரத்தில் மஞ்சள், உள்ளே ஊர், பெயர், தொகை. பத்து வருடம் கழித்துக் கீழத்தெருவில் ஒரு காதுகுத்துக்குப் போகும்போது அதைப் புரட்டினால், ‘கீழத்தெரு முருகன், 501’ என்று இருக்கும். கீழத்தெருவில் முருகன்கள் நாலு பேர். இவர் எந்த முருகன், அந்த 501 ரூபாயை அவர் எந்த நெருக்கடியில் புரட்டி வைத்தார், இடையில் அவர் வீட்டுச் சடங்குக்கு நாம் போகாமல் விட்ட மனத்தாங்கல் இன்னும் இருக்கிறதா, இப்போது யாரை முன்னால் அனுப்பினால் அது தீரும் என்பதெல்லாம் நோட்டில் கிடையாது. வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் கிடைக்கும். பேருந்தில், ரேஷன் கடை வரிசையில், கோயில் பிராகாரத்தில் நின்று விசாரித்து விசாரித்துச் சேர்த்த அறிவு அது. சும்மா பேசிக்கொண்டிருந்ததாகப் பிறர் கண்ணுக்குப் பட்ட நேரமெல்லாம் இதற்குத்தான் போயிருக்கிறது.

இது நம் ஊர்ப் பெருமை பேசுவதல்ல. வடக்குக் கலிபோர்னியாவில் வாழ்ந்த இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் மைக்கேலா டி லியோனார்டோ, 1987இல் வெளிவந்த கட்டுரையில் இதே வேலையை அடையாளம் காட்டினார். வாழ்த்து அட்டை அனுப்புவது, தொலைபேசியில் நலம் விசாரிப்பது, பண்டிகைக்கு எல்லோரையும் கூட்டுவது, எந்த உறவை விடுவது எதைத் தொடர்வது என்று முடிவெடுப்பது எல்லாவற்றையும் பெண்களே செய்தார்கள். மணமுறிவோ தாயின் மரணமோ நேர்ந்த வீடுகளில் அந்த வேலை செய்ய ஆளில்லாமல் நின்றுபோனது. உறவு தானாக நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இந்தியாவில் 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கணக்கிட்டது. பயனுள்ள கணக்கு. ஆனால் அதிலும் மற்றவர்களோடு பேசிப் பழகும் நேரத்துக்குத் தனித் தலைப்பு. துக்கம் விசாரிக்கப் போய், அங்கேயே இரண்டு அண்ணன் தம்பிகளைப் பேச வைத்துவிட்டுத் திரும்புகிற மூதாட்டியின் பிற்பகல், வேலைக் கணக்கில் சேராது.

பாசத்தைப் போய் வேலை என்று சொல்லலாமா, அது அந்த அன்பைக் கொச்சைப்படுத்தாதா என்று கேட்பார்கள். சமைப்பதும் பாசத்தோடு செய்வதுதான். அதனால் அது உழைப்பு இல்லாமல் போய்விடவில்லை. இன்னொரு கேள்வி கனமானது. ஊர்ப்பேச்சு நல்லது மட்டுமா செய்தது? பள்ளிக்கூடம் போகிற பெண் யாரோடு பேசினாள் என்பதை வீடு வரைக்கும் கொண்டுவந்ததும், எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், கூடாது என்று சாதிக்கோடு காத்ததும் அதே வாய்தான். இதை மறுக்க முடியாது, மறைக்கவும் கூடாது. கலகலப்பு என்பது வெறும் குணமானால் அதில் நல்லது கெட்டது பார்க்க இடமே இல்லை. வேலை என்று ஒப்புக்கொண்டால்தான், யாரைச் சேர்த்தார், யாரை வாசலோடு நிறுத்தினார், வயதான பிறகாவது அந்தக் கோட்டைத் தாண்டினாரா என்று கேட்க முடியும். தாண்டியிருந்தால் அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் அதுவாக இருக்கலாம். இப்போதுதான் வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: குழுவில் பிறந்தநாள் வாழ்த்து தவறாமல் வரும். மூன்று விசேஷமாக ஒருவர் தலைகாட்டவில்லையே என்று கவனித்து, மத்தியானப் பேருந்து பிடித்து அவர் வீட்டுக்குப் போக ஓர் ஆள் வேண்டும்.

உறவைக் காப்பது ஒரு வேலை என்பது ஒப்பாரி வைக்கும் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. தோளைக் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்து அழும்போது, ஒவ்வொருத்தியும் தனக்கும் செத்தவருக்கும் இருந்த கணக்கைத்தான் சொல்லி அழுவாள். ஈழத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி அச்சிட்டுக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு மலரில் அந்தக் குரல்களுக்கு இடம் குறைவு. இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா இருக்கும், தேவாரம் இருக்கும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிய பக்கங்கள் இருக்கும். பள்ளி அதிபராக இருந்தவரின் மலரில் உடன் படிப்பித்தவர்கள் எழுதுவார்கள். அம்மம்மாவுக்கு உடன் வேலை செய்தவர்கள் யார் என்று யாரும் தேடுவதில்லை. அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்குத் தெரிந்தது வீட்டுக்குள் இருந்த பாட்டிதான். மீன் கொண்டுவந்தவருக்கும், அடுத்த ஒழுங்கையில் தலைப்பிரசவம் கண்ட பெண்ணுக்கும், சண்டை பிடித்துப் பிறகு சமாதானமான சம்பந்திக்கும் தெரிந்தவர் வேறொருவர். இத்தகைய மலர்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் எண்ணிமமாக்கிப் பாதுகாத்து வருகிறது. நாளைக்கு நம் பெண்களின் வாழ்க்கையை ஆராய்கிறவர்களுக்கு எஞ்சப்போவது பெரும்பாலும் இந்தப் பக்கங்கள்தான். சாவு நடந்த முதல் நாள் தொடங்கி அந்தியேட்டி வரைக்கும் ஆட்கள் வந்து முற்றத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார்கள். எந்த வருடம், என்ன பிணக்கு, அம்மம்மா வந்து என்ன சொன்னார், எப்படித் தீர்ந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள வீட்டில் ஒருவர் போதும். மலர் அச்சுக்குப் போகும்போது, திதி வெண்பாவுக்கு அடுத்த பக்கத்தில், சொன்னவரின் பெயரோடு அது வரட்டும்.