போரிலிருந்து வீடு திரும்பிய மகன்

முன்பு ஒரு போரில் தந்தையையும், நேற்றைய போரில் கணவனையும் பறிகொடுத்த பிறகும், இருக்கும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. ஆனால் பாட்டு அதோடு முடிந்துவிடுகிறது. அந்த மகன் உயிரோடு திரும்பி வந்திருந்தால்? மறுநாள் காலையில் அவனுக்குச் சோறு போடும்போது அவள் என்ன பேசியிருப்பாள்?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஏராளமான வீடுகளுக்குள் நுழைந்தது. 2001 முதல் 2021 வரை ஆப்கானிஸ்தான், 2003 முதல் 2011 வரை ஈராக் என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய் வந்தார்கள். அவர்களில் பலர் கல்யாணம் ஆகாத இளைஞர்கள். திரும்பி வந்தது அப்பா அம்மா வீட்டுக்குத்தான்.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். வருடம் 2008. மகனுக்கு 23 வயது. ஈராக்கில் 15 மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறான். வாசலில் கொடி, உறவினர் கூட்டம், பிடித்த சாப்பாடு எல்லாம் முதல் வாரத்தோடு முடிந்தன. பிறகு பார்த்தால், பகலில் தூங்குகிறான். இரவில் எழுந்து எழுந்து கதவைப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறான். கார் ஓட்டினால் சாலையின் நடுவிலேயே ஓட்டுகிறான். ஓரத்தில் ஒரு குப்பைப் பை கிடந்தால் சட்டென்று வண்டியைத் திருப்புகிறான். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்தவனை அம்மா தோளைத் தொட்டு எழுப்பினாள். அவள் மணிக்கட்டை முறுக்கிவிட்டான்! கண் விழித்துப் பார்த்ததும் அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

இது பைத்தியமா? இல்லை. ஈராக்கில் சாலையோரக் குப்பைக்குள் குண்டு வைத்திருந்தார்கள். அங்கே அவன் உயிரைக் காப்பாற்றிய பழக்கம், ஊருக்கு வந்த பிறகும் உடம்பை விட்டுப் போகவில்லை. பெரும்பாலானோருக்கு இது நாளாக ஆகக் குறைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, வேலையையும் உறவையும் கெடுத்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-இல்தான் அதற்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் மருத்துவ நூலில் ஏறியது. சிகிச்சையும் இருக்கிறது, பலருக்குப் பலனும் கிடைக்கிறது.

பெற்றோரின் உண்மையான கஷ்டம் வேறு. ஐந்து வயதில் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடலாம். 23 வயது ஆளைத் தூக்க முடியுமா? அவன் சம்மதம் இல்லாமல் டாக்டர் பொதுவாக எதையும் பெற்றோரிடம் சொல்ல மாட்டார். ஆனால் வீட்டில் தான் பார்த்ததை அம்மா டாக்டரிடம் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இது தெரியாமலே பலர் வருடக்கணக்கில் தவிக்கிறார்கள்.

செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். தொட்டு எழுப்பாமல், அறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம். "எத்தனை பேரைக் கொன்றாய்?" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளலாம். "எல்லாவற்றையும் மறந்துவிடு" என்று சொல்லாமல் இருக்கலாம். எதிரே உட்கார்ந்து விசாரிப்பதை விட, வேலி கட்டும்போது "இதைக் கொஞ்சம் பிடி" என்று அப்பா கூப்பிடுவது நல்லது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அங்கே தற்கொலை செய்துகொள்ளும் முன்னாள் வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியால்தான் சாகிறார்கள். ஆகவே வீட்டில் துப்பாக்கி இருந்தால், அவனிடமே பேசி, அதைப் பூட்டி வைக்கவோ நம்பகமான நண்பரிடம் கொடுக்கவோ வேண்டும். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. முன்னாள் வீரர்களுக்கான அவசரத் தொலைபேசிச் சேவை 2007-இல் தொடங்கியது. 2022 முதல் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் போதும். கவலைப்படும் பெற்றோரும் அழைக்கலாம். 1979-இல் தொடங்கிய 'வெட் சென்டர்' என்னும் ஆலோசனை மையங்களும் உண்டு. அங்கே வீரர்களுக்குக் கட்டணம் இல்லை, குடும்பத்தாரும் போய்ப் பேசலாம்.

கற்பனை வீட்டுக்கே திரும்புவோம். அந்த அம்மா மையத்தின் முகவரியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு மாதம் அந்தக் காகிதம் அங்கேயே கிடந்தது. வேலி வேலை நடந்த ஒரு மாலையில், இறந்துபோன நண்பன் ஒருவனின் பெயரை மகன் முதல் முறையாகச் சொன்னான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

மறுவாரம் மகன் அம்மாவிடம் வந்தான். "என்னைக் கொண்டுபோய் விடுவாயா?"

விட்டாள். கூடவே உள்ளே போக வேண்டும் என்று கால் பரபரத்தது. போகவில்லை. அவன் வெளியே வரும்வரை வண்டியிலேயே காத்திருந்தாள்.