நாட்காட்டியைக் கையளித்த கதை

கல்லூரியிற் பயின்ற காலத்தில் எமது நேரம் எம்முடையதன்று. நேரசூசியை ஆசிரியர் வகுத்தார், மணியை மற்றொருவர் அடித்தார், நாம் ஓடினோம். உத்தியோகம் பெற்றுத் தலை நரைத்த பின்னரோ, எமது நேரத்தை நாமே ஆள்கின்றோம் என இறுமாந்திருந்தோம்.

அவ்விறுமாப்பு ஒரு திங்கட்கிழமை உடைந்தது. காலை 10 மணிக்கு வருமாறு தொலைபேசியிற் கூறிவிட்டுக் குறித்துவைக்க மறந்தமையால், மட்டக்களப்பிலிருந்து இரவு முழுதும் பயணஞ் செய்து வந்த முதியவர் ஒருவர், நாம் கூட்டமொன்றில் இருக்க, எமது கந்தோர் வாங்கிலே நண்பகல் வரை காத்திருந்தார். நாணமுற்றோம். அன்றே, எம்முடன் பணியாற்றும் இளைஞர் ஒருவரிடம் எமது கூகிள் நாட்காட்டியை ஒப்படைக்கத் துணிந்தோம்.

இதற்குக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டுவதில்லை, கொடுத்தலும் தகாது. உரிமையைப் படிப்படியாக வழங்கலாம். எவ்வேளை வெறுமை, எவ்வேளை அலுவல் என்று மட்டும் காண்பது முதற்படி. விபரங்களையும் காண்பது அடுத்தது. நிகழ்ச்சிகளைப் பதியவும் மாற்றவும் கூடுவது அதற்கும் மேலானது. அவ்வுரிமையைப் பிறர்க்கும் வழங்கும் அதிகாரம் யாவற்றிற்கும் உச்சி.

நாம் முதற்படியையே அளித்தோம். பயன் இல்லை. தம்பிக்கு வெற்றிடம் தெரிந்தது. எதனையும் பதியவோ நகர்த்தவோ இயலவில்லை. ஒவ்வொன்றிற்கும் எம்மிடம் வந்து நின்றார், வேலை இரட்டித்தது.

மாற்றும் உரிமையை அளிக்க ஏன் தயங்கினோம்? வியாழன் பிற்பகல்தோறும் இல்லாளைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. கந்தோரில் எவரும் அதனை அறியார். 'தனிப்பட்டது' எனக் குறித்திருந்தும், மாற்றும் உரிமை பெற்றவர் கண்ணுக்கு அது மறையாது. ஓரிரவு சிந்தித்து, உச்சியிலுள்ள அதிகாரத்தை மட்டும் எம்மிடம் வைத்துக்கொண்டு, மாற்றும் உரிமையை வழங்கினோம். எவற்றைத் தாமே ஏற்கலாம், எவற்றை எம்மிடம் கேட்டே ஏற்கவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். வியாழனைப்பற்றி நாம் ஒன்றும் கூறவில்லை, அவரும் கேட்கவில்லை.

சில மாதங்களின் பின், அறை வாயிலை அணுகுகையில் அவர் மேலதிகாரி ஒருவருடன் தொலைபேசியிற் பேசுவது கேட்டது. "வியாழன் பின்னேரம் சேருக்கு வசதிப்படாது. புதன் காலை வைப்போமா?" என்றார். காரணம் கூறினாரில்லை.

நாம் அசையாது நின்றோம். அவ்வேளையை இரகசியமாய்க் காத்த காலத்தில், மேலிடத்து அழைப்பு வந்தபோதெல்லாம் நாமே அதனை விட்டுக்கொடுத்து, இல்லாளை முச்சக்கரவண்டியில் தனியே அனுப்பியிருக்கிறோம். எமக்கு மறுக்க வாய் வராத இடத்தில் அவர் எமக்காக மறுத்தார்.

இளைய மாணவர்காள்! நாளை நீவிரும் பிறரது நாட்காட்டியைக் காப்பீர். உமதையும் ஒருவரிடம் ஒப்படைப்பீர். கண்டதைக் காத்துப் பேசாதிருக்கும் பண்பைக் கல்லூரியிலேயே பயின்றுகொள்க. அத்தம்பிக்கு நாம் இன்னும் நன்றி கூறவில்லை. இம்மலர் வெளிவந்ததும் ஒரு பிரதியை அவர் மேசைமேல் வைக்க எண்ணியுள்ளோம்.