விசேஷம் ஏதாவது உண்டா?

நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் "இல்லீங்க" என்று சொல்லிச் சிரிக்க வேண்டியவளுக்குத்தான் அதன் வலி தெரியும். அந்தப் பதிலைப் பதினைந்து வருஷம் சொன்னவள் நான். காத்திருப்பதைப் பற்றி நாலு வார்த்தை எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டுதானே, சகோதரிகளே?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே ஆறுதல் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். "கர்த்தருடைய வேளை வரணும்மா" என்பார்கள். வார்த்தை சரிதான். சொல்லிவிட்டுப் போகிறவருக்கு அது அரை நிமிஷம். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்க்கிறவளுக்கோ மாதத்துக்கு முப்பது நாள்! அந்த வேளை எப்போது வரும், அது வருகிறவரைக்கும் நான் என்ன செய்வது? முதல் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு என் மாமனார் பதில் சொன்னார்.

அவர் பாபநாசம் பக்கத்து விவசாயி. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். சில வருஷம் அந்தத் தேதிக்குத் தண்ணீர் விடுவார்கள். சில வருஷம் ஆடி போய் ஆவணியும் வந்துவிடும். அப்படி ஒரு வருஷம் வெறும் வாய்க்காலை ஆள் விட்டுத் தூர் வாரிக்கொண்டிருந்தார். "தண்ணியே வரல, இப்ப எதுக்கு மாமா?" என்றேன். "எப்ப வரும்ங்கறது நம்ம கையில இல்லம்மா. வந்தா பாயறதுக்கு வாய்க்கால் சுத்தமா இருக்கணுமில்ல, அது நம்ம கையிலதான் இருக்கு" என்றார்.

இன்னொன்றும் வயலைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். குறுவை ஏறக்குறைய 110 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். சம்பாவுக்கு நாலரை மாதம், ஐந்து மாதம் வேண்டும். "குறுவை அறுத்தாச்சே, நீ ஏன் இன்னும் கதிர் விடலை?" என்று சம்பாவைப் பார்த்து யாராவது திட்டுகிறார்களா? பெண்களைத்தான் அப்படிப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுகிறோம்.

வேதாகமத்தைப் புரட்டினால் காத்திருந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷம்! அன்னாள் பிள்ளைக்காக மனங்கசந்து அழுது ஜெபித்தபோது, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் ஆசாரியர் ஏலி. காத்திருக்கிறவளைப் பக்கத்தில் இருப்பவர்கள் தப்பாக எடைபோடுவது இன்று நேற்று வந்ததல்ல.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு மராத்தியப் பிராமண இளம் விதவை, லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியுடன் வாழ்ந்தார். உடன்கட்டை ஏறாமல் அவர்தான் காப்பாற்றினார் என்று சொல்வதுண்டு. அவரிடமிருந்தே கிறிஸ்தவ நெறியைக் கற்று, ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். நம் சிவகங்கைப் பூங்காவில் இருக்கிறதே, அந்தத் தேவாலயம் யார் பெயரால் விளங்குகிறதோ அதே ஸ்வார்ட்ஸ்தான். விவாகமாகாமல் சேர்ந்து வாழ்கிறவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அந்த அம்மாள் மனம் உடைந்திருக்கலாம். ஆனால் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல் பாளையங்கோட்டையில் அதே ஸ்வார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். 1780-ல் அங்கே சபையார் 40 பேர். 1785-ல் அவர் முயற்சியால் கட்டிய கோயில் பிரதிஷ்டையானது. திருநெல்வேலித் திருச்சபை வளர்ந்தது அந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அது இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில்.

என் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் 2004-ல். மூன்று வருஷம் கழித்து டாக்டரிடம் போனோம். இருவருமே பரிசோதனை செய்துகொண்டோம். எனக்குக் கருக்குழாய் இரண்டிலும் அடைப்பு. சோதனைக் குழாய் முறையில் இரண்டு தடவை முயன்றும் பலிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போய்த் தொட்டில் கட்டச் சொன்னார். கட்டினேன். ஜெபத்தையும் விடவில்லை, மருந்தையும் விடவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வருஷம் ஆகியும் கரு தங்காவிட்டால் பரிசோதனை அவசியம். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். குறை ஆண் பக்கத்திலும் இருக்கலாம். இருவரும் சேர்ந்து போங்கள். அதுவும் வாய்க்கால் வெட்டுகிற வேலைதான்.

2016-ல் தத்து எடுக்கப் பதிவு செய்தோம். ஒரு காலத்தில் நம் கிறிஸ்தவர்களுக்கு அதற்குச் சட்டமே கிடையாது. 1890-ஆம் வருஷத்துச் சட்டப்படி 'பாதுகாவலர்' ஆகலாம், அவ்வளவுதான். பெற்றோர் ஆக முடியாது. 2000-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டமும் 2006-ல் அதில் செய்த திருத்தமும் வழி திறந்தன. எந்த மதத்தவரும் அந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அந்தச் சட்டத்துக்காகவே காத்திருந்தார்களோ!

வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். காகிதங்கள் போயின. பிறகு மூன்று வருஷம் மௌனம். 2019-ல் ஒரு நாள் அவள் படம் வந்தது. சம்மதம் சொல்ல 48 மணி நேரம் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு ஐந்து நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை. பெண் குழந்தை, வயது ஐந்து மாதம். நாங்கள் பதிவு செய்த நாளில் அவள் இந்த உலகத்திலேயே இல்லை! "சீக்கிரம், சீக்கிரம்" என்று நான் மன்றாடிய ஜெபம் உடனே கேட்கப்பட்டிருந்தால் வேறு ஏதோ ஒரு பிள்ளை வந்திருக்கும். இவள் வந்திருக்க மாட்டாள்.

ஆனால் ஒன்று. எனக்குத் தருவதற்காகவே கடவுள் அவளைப் பெற்றவளிடமிருந்து பிரித்தார் என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகம் தெரியாத ஒரு தாயின் கண்ணீரை என் ஜெபத்துக்குப் பதில் என்று எப்படிக் கணக்கு எழுதுவேன்? ராத்திரி ஜெபத்தில் என் மகள் பெயரோடு அந்தத் தாயையும் சேர்த்துக்கொள்கிறேன். கடவுளின் வேளை எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நம்புகிறேன், அவ்வளவுதான்.

இன்னும் காத்திருக்கிற சகோதரிகளுக்கு: பிள்ளைக்காகவோ, வரனுக்காகவோ, வெளிநாட்டிலிருந்து திரும்ப வேண்டிய கணவருக்காகவோ, எதற்காக இருந்தாலும் சரி, உங்கள் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் தாமதம் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். கேட்டது கிடைக்காமலே போனவர்களும் உண்டு. அவர்கள் கடவுளுக்கு வேண்டாதவர்கள் இல்லை. அழுகை வந்தால் அழுங்கள், அன்னாளும் அழுதாள். சாப்பாட்டையும் தூக்கத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். நாளைக்குச் செய்யலாம் என்று வைத்திருக்கும் தையல், படிப்பு, ஊர்ப் பிரயாணம் எதுவானாலும் இந்த வருஷமே ஆரம்பித்துவிடுங்கள். தண்ணீர் வருகிறபோது வரட்டும்.