மூன்றாண்டுத் திங்கட்கிழமைகள்

தமிழ் நேசன் 2019இல் நின்றபோது கோலாலம்பூரில் எங்கள் பங்சார் பக்கத்தில் பலரும் பெருமூச்சு விட்டார்கள். காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. 1924இல் இதே ஊரில் பிறந்த பத்திரிகை, நன்றாகவே வாழ்ந்துவிட்டுத்தான் போனது. என் மனம் என்னவோ அல்பாயுசில் போன இன்னொரு நேசனிடம்தான் நிற்கிறது.

அது ‘சிங்கை நேசன்’. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி 1887 ஜூன் 27இல் சிங்கப்பூரில் தொடங்கிய வார இதழ். திங்கள்தோறும் வரும். நடத்தியவர் மகுதூம் சாயபு, அச்சிட்டது தீனோதய வேந்திரசாலை. 1890இல் பத்திரிகை நின்றுபோனது.

ராணிக்கு வாழ்த்துச் சொல்லப் பிறந்ததாயிற்றே, வெறும் துதிபாடியாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாறுவோம். 1888இல் ‘விநோத சம்பாஷணை’ என்று மகுதூம் சாயபு எழுதியது இதில்தான் வந்தது. மலாயா, சிங்கப்பூர் மண்ணின் முதல் தமிழ்ச் சிறுகதை அதுதான் என்பவர்கள் உண்டு. கதையா, வெறும் உரையாடலா என்ற சண்டையைப் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அரசாங்க வாழ்த்தோடு ஆரம்பித்தவருக்கு அடுத்த வருஷமே ஊர்ப் பேச்சை அச்சில் ஏற்ற ஆசை வந்திருக்கிறதே, எனக்கு அது போதும். அந்தக் காலத்து அச்சில் ‘லை’யும் ‘னை’யும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வோர் எழுத்தையும் கையால் பொறுக்கிக் கோத்து, பக்கம் கட்டி, அச்சடித்து, பிரித்து அதனதன் அறையில் போட்டுவிட்டு மறுபடி கோக்க வேண்டும். அதற்குள் அடுத்த திங்கள் வந்துவிடும்.

சிங்கை நேசனுக்கு முன்னால் 1875இல் சிங்கை வர்த்தமானி, அடுத்த வருஷம் தங்கை நேசன் என்று சில வந்தன. அவை நமக்குப் பெயரளவில்தான் தெரியும். சிங்கை நேசனை மட்டும் இன்றைக்கும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் நுண்படச் சுருளில் படிக்கலாம்.

1886இல் சிங்கப்பூரை ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசு நூல் பதிவுச் சட்டம் ஒன்று போட்டது. அச்சாகும் புத்தகங்களின் படிகளை அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும். குடிமக்கள் என்ன அச்சடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் எண்ணமும் அதில் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான் சதாசிவ பண்டிதர் அதே தீனோதய அச்சகத்தில் 1887இல் வெளியிட்ட ‘சிங்கைநகர் அந்தாதி’ இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

தமிழ் நேசன் வந்த நாளில் எங்கள் வீட்டில் அது அலமாரித் தட்டுக்கு விரிப்பாகும், வடைக்கு எண்ணெய் ஒற்றும், மிச்சம் ‘சூராட் காபார் லாமா’ (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் லாரிக்குக் கிலோக் கணக்கில் போகும். படித்தவன் தூக்கிப் போட்டதை, படிக்கவே தெரியாத வெள்ளைக்கார அதிகாரி எண் போட்டு அடுக்கி வைத்திருக்கிறான். அவனுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குக் கொஞ்சம் கசக்கிறது.