``போன வருஷ யூனிஃபார்மே சரியா இருக்கு!'' - தம்பி வளராததை நாங்கள் கவனிக்காத கதை

``புது யூனிஃபார்ம் வேணாம், போன வருஷத்துதே சரியா இருக்கு.''

ஒரு ஜூன் மாதம் அம்மா இப்படிச் சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். தம்பியின் சிகிச்சைக்கு வாங்கிய கடன் அப்போதும் முடியவில்லை.

தம்பிக்கு 6 வயதில் மூளையின் பின்பகுதியில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சை, தலைக்கும் முதுகெலும்புக்கும் கதிர்வீச்சு, பிறகு கீமோ. அதன் பின், ஒவ்வொரு ஸ்கேனிலும் `கட்டி இல்லை' என்று வந்தாலே எங்களுக்குப் போதும். பள்ளி பிரேயரில் அவன்தான் எப்போதும் வரிசையில் முதல் ஆள். ``உங்கப்பனும் காலேஜ் போனப்புறம்தான்டி வளர்ந்தான்'' என்று பாட்டி அந்தப் பேச்சை முடித்துவைத்துவிட்டார்.

அவனுடைய 10 வயதில், செக்கப்பின்போது ஒரு டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டி உயரத்தை ஒப்பிட்டார். இரண்டு வருடங்களில் 5 செ.மீ. அந்த வயதில் ஒரே வருடத்தில் வளர வேண்டிய உயரம்!

ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார். மூளையின் அடியில், பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்துதான் வளர்ச்சி ஹார்மோன் வருகிறது. தலையில் பட்ட கதிர்வீச்சு அந்தச் சுரப்பியையும், அதை இயக்கும் பகுதியையும் பாதிக்கலாம். அந்தப் பாதிப்பு சில வருடங்கள் கழித்துக்கூடத் தெரியவரும். பரிசோதனையில் தம்பிக்கு வளர்ச்சி ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் இரண்டுமே குறைவு.

``ஊசி போட்டா கட்டி திரும்ப வந்துடுமா டாக்டர்?'' - அம்மாவின் முதல் கேள்வி இதுதான்.

``சிகிச்சை முடிஞ்சு ஒரு வருஷமாவது நோய் கட்டுக்குள்ள இருந்தாத்தான் ஊசியே ஆரம்பிப்போம். உங்க பையன் அதைத் தாண்டிட்டான்மா'' என்றார்.

காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, இரவில் தொடையில் ஊசி. ஊசி போடுவது என் வேலை. அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. தம்பி வளர ஆரம்பித்தான். ஆனால், கதிர்வீச்சு பட்ட முதுகெலும்பு முழுதாக வளராது. பருவ வயது கடந்து எலும்பு நுனிகள் மூடிக்கொண்டால், ஊசி போட்டும் உயரம் கூடாது.

இப்போது அவனுக்கு 18 வயது. என் காது வரை வருவான். ஒருநாள் கேட்டான், ``முன்னாடியே ஏன்க்கா பார்க்கல?''

எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிகிச்சை முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆகாது. கதிர்வீச்சு பட்ட இடம், அதன் அளவு, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் பொறுத்தது. அதனால் சிகிச்சை ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடையைக் குறித்து வையுங்கள். வளர்ச்சி நின்றாலோ, எப்போதும் சோர்வாக இருந்தாலோ, பூப்பு மிக சீக்கிரம் வந்தாலோ, வராமலே தள்ளிப்போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

முக்கியமாக, போன வருஷ யூனிஃபார்ம் இந்த வருஷமும் சரியாக இருந்தால், சந்தோஷப்படாதீர்கள்.