பக்கத்துத் தாள்

யாழ்ப்பாணத்தில் கடதாசிக் கட்டு என்றதும் நினைவுக்கு வருவது முந்நூற்றிநாலுதான். வாசிகசாலை விறாந்தையிலும் செத்தவீட்டு முற்றத்திலும் எங்கள் தகப்பன்மார் அதை ஆடியிருக்கிறார்கள். கலாவரை, ஆடுதன் என்று அவர்கள் வாயில் புழங்கிய பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. அந்த ஆட்டத்துக்கு 32 தாள்கள் போதும். நான் சொல்லவரும் வித்தைக்கு 52 தாள்களும் வேண்டும். ஆனால் வித்தை காட்டுபவர் அறிந்திருக்க வேண்டியது ஒரேயொரு தாளை மட்டுமே. அதைத் திறப்புத் தாள் என்பேன்.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில் நண்பரொருவர் எனக்கு இதைக் காட்டித் தந்தார். கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்தும்போது அடித்தாளை ஒரு கணம் பார்த்துக்கொள்ள வேண்டும். அது கலாவரை ஏழு என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, பார்த்துவிட்டு, கட்டின் உச்சியில் வைக்கிறார். கட்டை வெட்டி, கீழ்ப்பாதியைத் தூக்கி மேற்பாதியின் மேல் வைத்தால், கலாவரை ஏழு அவருடைய தாளின் தலையில் போய்க் குந்திவிடும். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக நிமிர்த்திப் போட்டு வர, கலாவரை ஏழுக்கு அடுத்து வருவதே அவருடைய தாள். அவருடைய தாள் எதுவென்று நமக்குக் கடைசிவரை தெரியாது. அதன் பக்கத்தில் இருப்பதுதான் தெரியும்.

அவர் இன்னும் எத்தனை தரம் வெட்டினாலும் பாதகமில்லை. வெட்டுவதென்பது மணிக்கூட்டு முகத்தைச் சுழற்றுவது போன்றது. 12 மேலே நின்றாலும் கீழே போனாலும் அதற்கு அடுத்தது 1தான். வெட்டு சரியாக அந்த இரண்டு தாள்களுக்கும் இடையில் விழுந்தால், திறப்புத் தாள் அடிக்கும் அவருடைய தாள் உச்சிக்கும் போகும். அப்போது முதலில் போட்ட தாளைச் சொல்ல வேண்டும். வெட்டாமல் நன்றாகக் கலைத்தால்தான் சோடி பிரியும்.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு ஊரடங்கு வந்தபோது, இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் இதைப் பழகினேன். கைக்கு ஒரு கிழமை போதுமாக இருந்தது. வாய்க்கும் முகத்துக்கும் மாதங்கள் பிடித்தன. அடித்தாளை நான் பார்க்கும் கணத்தில் எதிரிலிருப்பவர் என் கையைப் பார்க்கக் கூடாது. அதற்கு ஒரு கேள்வி வேண்டும். "சாப்பிட்டாச்சோ?" என்பதே போதும். தாளைக் கண்டுகொண்ட பிறகும் உடனே சொல்லாமல், கண்ணை மூடி நெற்றியைச் சுருக்க வேண்டும். பார்த்தவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவது அந்த நெற்றிச் சுருக்கத்தைத்தான். கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்தியதை ஒருவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இதைப் பிறருக்கு விளக்கிச் சொல்வதற்கும் ஒரு மரபு உண்டு. சூனியக்காரிகள் என்று பழிசுமத்தப்பட்டவர்களுக்காகப் பரிந்து இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்கொட் 1584இல் வெளியிட்ட நூலில், கடதாசி வித்தைகளின் இரகசியங்களும் விளக்கப்பட்டிருந்தன. நம்மிடையே வாழ்ந்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்க வந்தவர். அவருடைய இறைமறுப்பு வேறு விடயம். அற்புதம் செய்துகாட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அவர் விட்ட சவாலே எனக்கு முக்கியம். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைச் சொல்வது அதில் ஒன்று. நுட்பமான நிபந்தனை அது. உறைக்குள் இருப்பது தனித் தாள். அதற்குப் பக்கத்துத் தாள் கிடையாது. 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை.

2014இல் எட்டாம் வகுப்பில் மணிக்கூட்டுக் கணக்கை விளக்க இந்த வித்தையைக் காட்டி, இரகசியத்தையும் சொன்னேன். பாடம் முடிந்தபின் ஒரு மாணவி போகாமல் நின்றாள். 2009இல் வன்னியில் தகப்பனைத் தொலைத்தவள். தாய் அவரைத் தேடி ஒரு குறிசொல்பவரிடம் போய்வருவது ஊரறிந்தது.

"சேர், அவரும் அடித்தாளைப் பாத்திட்டுத்தான் சொல்லுறாரோ?"

"ஏன் பிள்ளை?"

"வெளியில காத்திருக்கேக்கை ஒரு அன்ரி எங்களோட கதைச்சவ. அப்பான்ரை காலிலை காயம் எண்டு அம்மா அவவுக்குச் சொன்னவ. உள்ளுக்குப் போனாப்போலை, நொண்டி நொண்டி நடக்கிறார், உயிரோட இருக்கிறார் எண்டு அவர் சொன்னார்."

மூன்றாந்தரம் போவதற்கு அம்மா தோட்டை அடகு வைத்தாராம். அந்தப் பிள்ளை கலாவரை ஏழைக் கண்டுபிடித்துவிட்டாள். காயம்தான் அது. கெட்டிக்காரி என்று மெச்சிவிட்டுப் போகக்கூடிய இடமாக அது இருக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "அப்ப, உயிரோட இருக்கிறார் எண்டதும் பொய்யோ?" என்று கேட்டாள்.

"அவருக்குத் தெரியாது எண்டதுதான் எனக்குத் தெரியும், பிள்ளை. அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்டு இதை வைச்சுச் சொல்லேலாது" என்றேன். வித்தையை உடைப்பது ஒருவரின் பொய்யை மட்டுமே உடைக்கும். அந்தப் பொய்யில் சாய்ந்து நின்ற நம்பிக்கை என்னாகிறது என்பதையும் உடைத்தவன் பார்த்தாக வேண்டும்.

அடுத்த கிழமை தாயும் மகளும் வந்தார்கள். குறிசொல்பவரைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. 80 பக்கக் கொப்பியொன்றை எடுத்துக் கேட்டுக் கேட்டு எழுதினேன்: கடைசியாகக் கண்ட திகதி, இடம், உடுத்திருந்த சேட்டின் நிறம், எந்தக் காலில் காயம், அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார் யார். பக்கத்தில் நின்றவர்களில் மூன்று பேரின் பெயர் அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. ஒருவர் உயிரோடு அடுத்த ஊரில் இருந்தார். இவ்வளவு காலமும் எவரும் அவரிடம் போய்க் கேட்டிருக்கவில்லை.

தகப்பனைப் பற்றிய முடிவான செய்தி இன்றுவரை வரவில்லை. பிற்பாடு விசாரணைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் தாய் கொப்பியிலிருந்து வாசித்துச் சொன்னார். கொப்பியை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை.